டிரைவர் இல்லாத பஸ்

மழலையர் பள்ளியில் அவளுக்கு இலை மிஸ் என்றுதான் பேர். தலையில் எப்போதும் ஒரு சருகாவது ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளை நாலு சுவருக்குள் அடைத்து வைப்பது அவளுக்கு ஆகாது. பாட்டு முடிந்ததோ இல்லையோ, கூட்டத்தை ஓட்டிக்கொண்டு பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். களிமண்ணில் அடுப்பு, குச்சியைக் கட்டிப் பொம்மை, கூழாங்கல்லுக்குக் கண்ணும் மூக்கும் என்று கை ஓயாது.

அந்த வருஷம் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மரத்தண்டு ஒன்று கிடந்தது. அது பஸ்ஸானது. டிரைவர், நாலு வயது வாயாடி ஒருத்தி. கொடியை வளைத்து ஸ்டியரிங் கட்டித் தரச்சொல்லி அடம்பிடித்து வாங்கியவள்.

"மிஸ், உள்ள தள்ளி உக்காருங்க! இவ்ளோ பெருசா இருந்தா நான் எப்படி வண்டி ஓட்டறது?" என்று அதட்டுவாள். கண்டக்டர், ஒரு சுருட்டை முடிக்காரன். இலையைக் கிழித்து டிக்கெட் கொடுப்பான்.

விடுமுறையில் அந்த டிரைவர் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளி திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பசங்ககிட்ட எதுவும் சொல்ல வேணாம். ஊருக்குப் போயிருக்கான்னு சொல்லிடுங்க" என்றார் தலைமை ஆசிரியை. இலை மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்ல வாய் வந்தால்தானே? ஊருக்குப் போயிருப்பதாகவே சொல்லிவிட்டாள்.

பிள்ளைகள் நம்பிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. ஊருக்குப் போனவள் திரும்பி வரவேண்டும் அல்லவா? முன்சீட்டில் ஒருவரையும் உட்காரவிடவில்லை. தினமும் ஏறி உட்கார்ந்தார்கள், காத்திருந்தார்கள். "டிரைவர் வரல, வண்டி போகாது" என்று கண்டக்டர் சொன்னதும் இறங்கிப் போனார்கள்.

ஒரு மதியம், மகளின் மாற்றுடைப் பையை எடுத்துப்போக அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். அவளைத் தோட்டத்தில் கண்டதும் கண்டக்டர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, அவ எப்ப வருவா? நாங்க அவளுக்கு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கோம்."

அம்மா இலை மிஸ்ஸைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"எந்த சீட்டு கண்ணு?"

காட்டினான். போய் உட்கார்ந்தாள். அவன் ஓர் இலையை நீட்டினான். "எங்க போகணும்?"

அவள் பையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

இலை மிஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணுங்களா, மிஸ் பொய் சொல்லிட்டேன். அவ ஊருக்குப் போகல. உடம்பு ரொம்ப முடியாம செத்துப்போயிட்டா. இனிமே வரமாட்டா."

"நாளைக்கு?" என்றது ஒன்று.

"நாளைக்கும் வரமாட்டாடா."

அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பெரியவர்கள் இருவர் அழுவதைப் பார்த்து எல்லாம் சேர்ந்து அழுதன.

தலைமை ஆசிரியை இலை மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கண்டித்தார். சில நாள் கழித்து மரத்தண்டு கப்பலாகிவிட்டது. முன்னால் வேறொருத்தி ஏறி நின்று கத்தினாள். யாரும் தடுக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்த இலை மிஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

"அதுக்குள்ள மறந்துட்டாங்க" என்றாள் கணவனிடம்.

"சின்னப் பசங்க. நாலு வயசுதானே ஆகுது?"

"எனக்கு நாப்பது ஆகுதே. நான் என்ன பண்ணட்டும்?"

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.