இல்லையென்று எழுதவில்லை

என்ன வேலை செய்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். வானத்தில் ஒளியே இல்லாத ஒன்றைத் தேடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? கரும்பொருள் கண்ணுக்குப் படாது; அதற்கு நிறை மட்டும் உண்டு. அதன் துகள்கள் தம் ஈர்ப்பாலேயே ஒன்றுசேர்ந்து, நட்சத்திரம் போல இறுகிய உருண்டைகளாகக் கிடக்கலாம் என்பது ஒரு ஊகம். அப்படியொன்று ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துக் குவிப்பதால் அந்த நட்சத்திரம் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிரகாசிக்கும். அந்தப் பிரகாசத்தைத் தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாதபோது, இந்த நிறையில் உருண்டைகள் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த நிறைக்குப் போவோம். அடியோடு இல்லையென்று யாரும் எழுதுவதில்லை.

தம்பி கடலுக்குப் போய்த் திரும்பாதபோது இதையேதான் எங்கள் ஊரான ஊர்காவற்றுறையிலும் பார்த்தேன். நெடுந்தீவுக்கு அப்பால் அவனுடைய படகு மட்டும் வெறுமையாக அகப்பட்டது. ஊரவர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கமாகத் தேடிவிட்டு வந்து, "அங்காலயும் இல்லை அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார்கள். பிறகு தேடலும் நின்றுபோனது. அவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். செத்தவர்களுக்குத் தேவாலயத்தில் வைக்கும் பூசையை அவனுக்கு வைக்க அம்மா விடவேயில்லை.

போன வருடம் மரித்தோர் தினத்தன்று இருவரும் சேமக்காலைக்குப் போனோம். அப்பாவின் கல்லறையில் அம்மா மெழுகுதிரி ஏற்றினாள். எனக்கு அழுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. பக்கத்திலேயே தம்பிக்கென்று இன்னொன்றை ஏற்றினேன். அம்மா குனிந்து அதை விரலால் நசித்து அணைத்தாள்.

"ஆருக்கு இது?"

"அவன் இனி வரமாட்டான் அம்மா. ஒரு பூசையாவது வைப்பம்."

"நீ இவ்வளவு காலமாத் தேடுறது கிடைச்சுதோ?"

"இல்லை."

"அப்ப, அது இல்லையெண்டு எழுதிப்போட்டியோ?"

"இல்லையம்மா."

"ஒருத்தரும் காணாத சாமானுக்கு அவ்வளவு பொறுக்கிறியள். என்ர பிள்ளைக்கு மட்டும் ஏலாதோ?"

அது வேறு, இது வேறு என்று விளங்கப்படுத்தியிருக்கலாம். நான் தேடுவது ஒருபோதும் இருந்திராத ஒன்றாகக்கூட இருக்கலாம். கிடைக்காவிட்டால் எனக்கு ஒரு கட்டுரை குறையும், அவ்வளவுதான். இவன் என் இடுப்பில் இருந்து வளர்ந்தவன். தண்ணீருக்குள் எப்படித் தவித்திருப்பான் என்று நினைத்து நினைத்தே நான் செத்துக்கொண்டிருக்கிறேன். அழுவதற்குக்கூட அம்மா அனுமதி தரவேண்டியிருக்கிறது.

இந்த வருடமும் போனோம். சேமக்காலை வாசலில் அம்மா என் பையை விரித்துப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு மட்டும்தானே?"

"ஓம்" என்றேன். உள்ளே ஒரு மெழுகுதிரிதான் இருந்தது.