ஒண்ணேகால் இஞ்சு குழாய்

சேக் மைதீன் அண்ணே, இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. சத்தியமாக நடந்தது. சார்ஜாவிலிருந்து போனில் பேசியே டைப் செய்கிறேன். உம்மாவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

குற்றாலத்தில் நான் வாங்கிய பழைய வீடு. வெள்ளிக்கிழமை பாஹிமாவும் ஆறு மாதப் பிள்ளையும் குடிவர வேண்டும். தென்காசி வாடகை வீட்டைக் காலி செய்தாகிவிட்டது. சனிக்கிழமை எனக்கு விமானம். அதற்குள் துருப்பிடித்த குழாய்களை மாற்றிவிடலாம் என்று செவ்வாயன்றே தனியாகப் போய்த் தங்கினேன். சாரல் விடவே இல்லை.

பிளம்பர் ஜெபஸ்டின் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைத் தட்டிப் பார்த்தார்.

"வீடு முழுக்க ஒரே அரை இஞ்சு லைனு, பாய். நீங்க குளிக்கும்போது இன்னொருத்தர் தொறந்தா ஒங்களுக்கு நூலாத்தான் வரும். ஒரே நேரத்துல எத்தன பேரு குளிப்பிய?"

"ரெண்டு பேருண்ணே."

"அப்ப ஒண்ணேகால் எறக்கிருவோம். ஊரே குளிச்சாலும் கொறையாது."

அன்று மாலை 4:10. முன் குளியலறையில் இருந்தேன். தண்ணீர் திடீரென்று நூலானது. 4:16க்கு மறுபடி கொட்டியது. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். தொட்டி நிறைந்திருந்தது...

புதன்கிழமை. கடையில் ஒண்ணேகால் இல்லை என்று ஜெபஸ்டின் வரவில்லை. 4:10. மறுபடியும் நூல். குழாயை மூடிவிட்டுக் காது கொடுத்தேன்.

சளக்... சளக்...

பின் குளியலறை. விற்றவர் சாவியே தராத அறை. வெளியே பூட்டு அப்படியே தொங்கியது. கதவடியில் சோப்பு நுரை வழிந்து என் கால்விரலைத் தொட்டது. இளஞ்சூடு. வீட்டில் ஹீட்டர் கிடையாது.

நடைச் சுவரில், அந்த அறைப் பக்கம் போகும் குழாயின் வால்வை இறுக்கி மூடினேன்.

சத்தம் நின்றது.

உள்ளே ஒரு பெண் குரல். வீட்டு ஆளிடம் சொல்வது போல.

"தண்ணி நின்னுட்டு."

நான் கத்தவில்லை. ஓடவில்லை. வால்வைத் திறந்துவிட்டேன்.

சளக்...

4:16. நின்றது.

வியாழன் காலை ஜெபஸ்டின் வந்தார். "பின் பாத்ரூமுக்கும் லைன் குடுக்கட்டா, பாய்?"

"வேண்டாம். பூட்டத் தொடாதிய."

யாரிடமும் சொல்லவில்லை, அண்ணே. வேறு வீடு இல்லை. தண்ணீர் மெலிந்தால்தானே பாஹிமாவுக்குத் தெரியும்? அதனால்தான் ஒண்ணேகாலையே போடச் சொன்னேன்.

நான் சார்ஜா வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று ஜெபஸ்டினிடமிருந்து போன். பாஹிமா சொன்னாளாம், பின் குளியலறைப் பூட்டை உடைத்திருக்கிறார்.

"பாய், இந்த ரூமுக்கு லைனே இல்ல. சுவருக்குள்ள எப்பவோ வெட்டி அடைச்சிருக்காவ. குழாயுமில்ல, தண்ணி வெளிய போக ஓட்டையுமில்ல. தரையில வெறும் தூசி."

பாஹிமா போனை வாங்கினாள்.

"தண்ணி சூப்பரா வருது மச்சான். ஒரு தடவ கூட கொறையல. தெனம் நாலு மணிக்குத்தான் பிள்ளையக் குளிப்பாட்டுதேன்."



அண்ணே, இதைப் பார்த்ததும் கிளம்புங்கள். அவர்களைக் கூட்டிவந்துவிடுங்கள். அந்த வீட்டில் யார் யார் குளிக்கிறார்கள் என்று... இனி அவளுக்குத் தெரியவே தெரியாது.