கிரகணத்தன்று அரிந்த மீன்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் என் தாய்மாமன் எழுதிய விஞ்ஞானப் புத்தகங்கள் அத்தனையும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டாமல் விடமாட்டேன்.

அந்தக் காலத்தில் மாமா புத்தகம் போட்டிருக்கவில்லை; ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, மீன் அரிந்துகொண்டிருக்கும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவார். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவளில்லை. கேட்கும்போது அவள் கை நின்றால் அந்த வரி புரியவில்லை என்று அர்த்தம். உடனே அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவார்.

சூரிய கிரகணம் வரப்போகிற சமயம். அந்த வேளையில் பிள்ளைத்தாய்ச்சி கத்தியைத் தொட்டால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்று தெருவே நம்பியது. நிலாவின் நிழல் யார் வயிற்றுக்குள்ளும் புகாது என்று மாமா எழுதினார். அதைக் கேட்டபோது அம்மாவின் கை நிற்கவே இல்லை. அப்போது அவளும் வயிற்றில் பிள்ளையோடுதான் இருந்தாள்.

பத்திரிகை வந்ததும் எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் கேட்டாள்: “ஊருக்கெல்லாம் எய்திட்டாரு. சொந்த அக்காவ அரிய வுடுவாரா?”

கிரகணத்தன்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டபோது, அம்மா வாசலில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்தாள். மாமா வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“அக்கா, இன்னிக்கு மட்டும் உள்ள இரேன்.”

“இன்னாத்துக்கு? நீ எய்தினது பொய்யா?”

“பொய்யில்ல.”

“அப்ப மூஞ்சி ஏன் இப்டி கீது? அந்தச் சங்கராவ எடு.”

மீனை எடுத்துக் கொடுத்தார். பட்டப்பகலில் வெளிச்சம் மங்க, அம்மா செதில் தேய்த்து நிதானமாக அரிந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் லேசாகத் திறந்திருந்தது. குழம்பு கொதித்து இறங்கியதும் மாமா பசியில்லை என்றார். அவர் துண்டையும் நானே தின்றேன்.

தம்பி பிறந்த சேதி கேட்டு மாமா செருப்போடு உள்ளே வந்துவிட்டார். குழந்தையை வெளிச்சத்தில் பிடித்து மேலுதட்டை விரலால் தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது.

அம்மா பாயில் படுத்தபடியே சிரித்தாள். “நல்லா பாத்துக்க நைனா. இனிமே பயப்படாம எய்து.”

மாமாவுக்கு என்னைவிடத் தம்பி மேல்தான் ஆசை என்று நினைத்து, அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.