என் நெஞ்சில் மூன்று எலும்பு இல்லை

போன வருடம் என் நெஞ்சில் வளர்ந்த கட்டியைக் கொழும்பில் அறுத்தெடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தொடையிலும் தையல் இருந்தது. “ஊசி போட்ட இடம் பழுத்துப் போச்சு, கீறித் தைச்சிருக்கு,” என்றார் கணவர். சீனன்குடாவில் வேலை செய்யும் அவர் என்னிடம் பொய் சொன்னதே இல்லை. நம்பிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கட்டைபறிச்சானிலுள்ள தங்கையைப் பார்க்க மூதூர் போகும் லாஞ்சுப் படகில் ஏறும்போது கால் தடுக்கி, அதன் விளிம்பில் நெஞ்சு அடிபட விழுந்தேன். மூச்சே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

கணவர் அலுமாரியிலிருந்து எடுத்துவந்த கொழும்புக் கடிதத்தை டாக்டர் படித்தார்.

“அம்மா, உங்கட விலா எலும்பு மூண்டை எடுத்திருக்கு. தொடைச் சவ்வை வெட்டித்தான் அந்த இடத்தை மூடியிருக்கு. அடிபடக் கூடாதெண்டு சொன்னவைதானே?”

நான் கணவரைப் பார்த்தேன்.

“நீ பயந்திடுவாய் எண்டுதான் சொல்லேல்ல.”

“என்ர உடம்பைப் பற்றி எனக்குத்தானே முதல்ல சொல்லியிருக்க வேணும்?”

தங்கைக்கும் எல்லாம் தெரியுமென்று பிறகுதான் அறிந்தேன்.

நல்லகாலம், சவ்வு கிழியவில்லை. அன்பால்தான் மறைத்தார் என்கிறார்கள். என் மனம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டால், நானும் எழுந்து கூடவே போகிறேன்.