நெஞ்சில் நின்ற சோறு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தெரியாதது எல்லாமே எனக்குப் பயம்தான்.

மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட என் வீட்டுக்காரரைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனதும் நானேதான். எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் அவரை ஒப்படைத்துவிட்டு, பெண்கள் குளிக்கிற பக்கம் போவேன். திரும்பி வந்தால் வலியே இல்லாதவர்போல் சிரித்துக்கொண்டிருப்பார். சாரல் காலம் முடிந்த பிறகும் எங்கள் ஊர் தென்காசியிலிருந்து அவராகவே போய்வந்தார். அருவிக்குத்தான் போகிறார் என்று நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம்தான் சோறு நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. ஒரு வாய் விழுங்கிவிட்டு மார்பைப் பிடித்துக்கொள்வார். தண்ணீர் குடித்தாலும் இறங்காது, சில நேரம் அப்படியே திரும்பி வந்துவிடும். என் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது, புற்றுநோயில் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று. சோற்றைக் குழைத்தேன், பிறகு கஞ்சியாக்கினேன். அவருக்குச் சோறு இறங்குகிற வரை நானும் உப்பில்லாக் கஞ்சிதான் குடிப்பேன் என்று இலஞ்சி முருகனிடம் நேர்ந்துகொண்டேன்.

உள்ளூர் டாக்டர் ஏதும் பழக்கம் உண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, வெற்றிலைகூடப் போடமாட்டார் என்றேன்.

பாளையங்கோட்டையில் வெள்ளையாக மாவுபோல் ஒன்றைக் குடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். கட்டி இல்லை, சோறு இறங்குகிற குழாய் கீழே திறக்காமல் இறுகிக் கிடக்கிறது என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். பிறகு என் வீட்டுக்காரர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளிக்குப் போவதைப் பற்றி விசாரித்தார்.

"அபின் எத்தனை மாசமா?"

"பத்து மாசமா," என்றார் என் வீட்டுக்காரர். வலிக்கென்று எண்ணெய்க்காரர் மிளகளவு உருட்டிக் கொடுத்தாராம். இப்போது சுண்டைக்காய் அளவாம். அதுதான் குழாயையும் குடலையும் கட்டிப்போட்டது என்று டாக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார்.

பஸ் கடையம் தாண்டியதும் கேட்டேன்.

"நான் உப்பில்லாமக் குடிக்கதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீய?"

"சொன்னா நீ பயப்படுவ, ஏட்டி."

"புத்துநோய்னு நெனச்சேன். அது பயம் இல்லையா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் சொன்னபடி அபினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உடம்பு முறுக்கி, வயிறு போய், படாத பாடு பட்டார். இரண்டு மாதத்தில் சோறு இறங்கியது. பார்க்க வந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, எல்லாம் அருவித் தண்ணீரின் மகிமை என்றார்.

"ஆமா அண்ணாச்சி, அருவிதான் காப்பாத்துச்சு," என்றார் இவர், என்னைப் பார்க்காமலே.

நான் உள்ளே போய் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு எடுத்துவந்து வைத்தேன்.