தெரிந்த முகம் இல்லாத கூட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டில் நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தோம். முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் கேட்டவர்களிடம் எல்லாம் பெருமாள் கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தேன். சுத்தப் பொய். குடியை விட்டவர்கள் வாரம் ஒரு முறை கூடிப் பேசுகிற கூட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வண்டி ஓட்டுகிறார். குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். மருந்து மட்டும் போதாது, ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள், இனி ஒரு தடவை குடித்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டார். டவுனில் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனேன். முன் வரிசையில் அவருடைய சூப்பர்வைசர் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார் இவர். இன்னொரு இடத்தில் பெரிய பெரிய ஆட்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். ‘எனக்கு அழக்கூட இங்கிலீஷ் தெரியாது’ என்று வெளியே வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. குடிக்கும்போது மட்டும் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்தாரா?

கடைசியில் ஸ்ரீவைகுண்டம் கூட்டத்துக்குச் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை.

“ஏளா, அங்கனயும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்துச்சு, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். பொறவு கூட்டம் கீட்டம்னு பேசப்படாது.”

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

பஸ் கிளம்பும் நேரத்தில் ஒருவர் ஓடி வந்து ஏறினார். ஆத்தாடி! எங்கள் தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி. நெற்றி நிறையத் திருநாமம். ஞாயிறு தவறாமல் ஸ்ரீவைகுண்டம் பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் துளசி கொடுக்கிற மனுஷன். இவரை எப்படி மறந்தேன்?

எங்களைப் பார்த்ததும் அவர் முகமும் ஒரு மாதிரி ஆனது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் என் பதற்றத்தில் யோசிக்கத் தோன்றவில்லை.

“கோவிலுக்கா அண்ணாச்சி? நாங்களும் அங்கனதான்” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

“நல்லதும்மா, நல்லது” என்றவர், வழி நெடுக ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கியதும், “நீங்க முன்னால போங்க அண்ணாச்சி, நாங்க பூ வாங்கிட்டு வாரோம்” என்றேன். “மெதுவா வாங்க, எனக்கும் ஒரு சோலி இருக்கு” என்று அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார். அப்பாடா! தேவையே இல்லாமல் பூ வாங்கி, இரண்டு தெரு சுற்றி, கூட்டம் நடக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் நாற்காலியோடு நின்றுகொண்டிருந்தார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் அப்படியே திரும்பி கேட்டைப் பார்த்து நடந்தார். அவ்வளவுதான், இனி இந்த மனுஷனை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட முடியாது.

“ஏலே, நில்லுலே!”

எப்போதும் ‘தம்பி’ என்று மரியாதையாகப் பேசுகிற அண்ணாச்சி போட்ட சத்தத்தில் இவர் நின்றுவிட்டார். “நீ என்னையப் பாத்து ஓடுத. நான் உன்னையப் பாத்து, பஸ் ஏறுனதுல இருந்து வேர்த்து ஊத்திக்கிட்டு வாரேன். உன் மக பால்வாடிக்குப் போன காலத்துல இருந்து, பத்து வருசமா இங்கன வந்துக்கிட்டு இருக்கேன். தெருவுல ஒரு ஈ காக்காக்குத் தெரியாது. இப்ப யாரு யாருக்குலே பயப்படுறது?”

என் வீட்டுக்காரர் சிரித்தார். சும்மா இல்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷம்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணாச்சியும் சிரித்துக்கொண்டே ஒரு நாற்காலியை இவர் கையில் திணித்தார். “பிடி. வந்ததுக்கு இதையாவது போடு.”

போட்டார். அதிலேயே உட்கார்ந்தும் விட்டார்.

கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சி எங்களை விரட்டினார். “வாங்க வாங்க, நடை சாத்திருவாங்க. துளசி இல்லாமப் போனா தெருவுல என்ன பதில் சொல்லுவேன்?” மூன்று பேரும் கோவிலுக்கு ஓடினோம். வாங்கிய பூவுக்கும் வேலை வந்தது. நான் சொன்ன பொய்யும் பாதி உண்மையாகிவிட்டது.

அன்றிலிருந்து இவர் தொடவில்லை. இப்போது அங்கே நாற்காலி போடுவது இவர் பொறுப்பு. சாயங்காலம் தெருவில் இரண்டு பேர் துளசி கொடுக்கிறார்கள். அவர்கள் இருவரும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் துளசியை வாயில் போடும்போது நினைத்துக்கொள்வேன்: அன்றைக்கு உள்ளே முன்பின் தெரியாதவர்கள் மட்டும் இருந்திருந்தால், இவர் நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்திருப்பார், மறுவாரம் வராமலே போயிருப்பார்.