எல்லைக் கல்லைப் பிடுங்கியவன் கேட்கிறேன்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் பழைய தோட்டத்து அம்மன் கோயிலில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், பத்து நாளைக்குத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. என் அப்பா காலத்திலிருந்து உள்ள வழக்கம். அப்போது அதனால் யாருக்கும் கஷ்டம் வந்ததில்லை. வேலை, மளிகைக் கடை, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர், கடைசியில் போய்ப் படுக்கும் சுடுகாடு வரை எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன.

இப்போது தோட்டமே இல்லை. வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. அந்த மண்ணைச் சமப்படுத்திக் கொடுத்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இன்று ஐந்து எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கிறேன். பட்டதாரி எஞ்சினியர்கள் என்னிடம் வந்துதான் மண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வடக்கு எல்லைக் கல்லை என் முதல் இயந்திரத்தில் உட்கார்ந்து நானே பிடுங்கினேன். அந்த இடத்தில் இன்றைக்குப் பேரங்காடியின் கார்கள் நிற்கின்றன.

கல் போனாலும் எல்லை போகவில்லை. அது எங்கே இருக்கிறது என்று சொல்லும் உரிமை ஒரே ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர். எல்லோருக்கும் அவர் சாமி. எனக்கும்தான். கோயில் தலைவராக அவரை முன்மொழிந்து கை தூக்கியவர்களில் முதல் கை என்னுடையது.

போன திருவிழாவுக்கு என் தங்கச்சி காப்புக் கட்டியிருந்தாள். புருஷனை இழந்தவள், கோயிலை ஒட்டிய அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள், இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி உண்டு. இரண்டாம் நாள் வெறுங்காலோடு கோயிலைச் சுற்றும்போது ஆணி குத்தியது. கோயிலுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் பார்த்துவிட்டு, அரசாங்க மருத்துவமனைக்கு உடனே போகச் சொன்னார்கள். அவள் சாமியிடம் கேட்கப் போனாள். ஆலை வேலைக்குப் போகிறவர்கள் எல்லை தாண்ட அம்மன் உத்தரவு தந்திருக்கிறாளாம். மருத்துவமனைக்குக் கிடையாதாம். பிறப்பும் இறப்பும் நடக்கிற இடம், தீட்டாம்.

தங்கச்சி எனக்குப் போன் செய்தாள். நான் செமினியில் ஒரு மலையை வெட்டிக்கொண்டிருந்தேன். "சாமி சொன்னா காரணம் இருக்கும்மா, மஞ்சள் வச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும். மற்றவர்களை மட்டும் எழுதினால் நானும் அந்தச் சாமி மாதிரிதான்.

ஆறாம் நாள் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததுமே நாற்றம். இரண்டு கால்விரல்கள் கறுத்திருந்தன. காய்ச்சல் கொதித்தது.

"கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சாமி உத்தரவு இல்லாம வரமாட்டேன்ணே. குடும்பத்துக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

கோயிலுக்குப் போனேன். மத்தியான அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"சாமி, எல்லை எங்க இருக்கு?"

"அது அம்மாவுக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். கல்லைப் பிடுங்கினவன் நான். நீங்க அரிசி வாங்குற கடை கல்லுக்கு அந்தப் பக்கம். தெனம் தாண்டிட்டுத்தான் இருக்கீங்க."

வரிசையில் நின்ற ஒரு அக்கா, "ஆமாலா, கரெக்ட்டுதானே" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சாமியின் உடம்பு உதற ஆரம்பித்தது. உறுமி மேளம் இல்லை, பம்பை இல்லை, சும்மாவே அருள் வந்துவிட்டது. கோயில் செயலாளர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவர், என் தோளை அழுத்தினார்.

"அங்கிள், அம்மா வந்திருக்கா. இப்ப கேள்வி கேக்கக் கூடாது."

"அப்ப எப்பய்யா கேக்குறது?"

"அருள் எறங்கட்டும்."

இறங்கியது. திரும்பக் கேட்டேன். சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலியேப்பா, அவதான் சொன்னா. எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆடும்போது கேட்டால் அது சாமி குற்றம். ஆடாதபோது கேட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது. உத்தரவு போட ஒருவர் இருக்கிறார், பதில் சொல்ல ஆளே இல்லை. என் வேலையில் மண் சரிந்தால் நான்தான் போய் நிற்க வேண்டும். இயந்திரம் தானாக வெட்டியது என்று சொன்னால் எவன் விடுவான்? இத்தனை வருஷம் இதைக் கேட்கத் தோன்றாமல் மாலை போட்டுக்கொண்டிருந்தோம், படித்த செயலாளரும் படிக்காத நானும்.

தங்கச்சியிடம் போய்ப் பொய் சொன்னேன். "சாமி உத்தரவு குடுத்துட்டாரு." என் வாழ்க்கையில் வெட்கப்படாமல் சொன்ன பொய் அது. காரில் ஏறினாள்.

அறுவைக்கு முன்னால் மலாய் நர்ஸ் ஒருத்தி, "மாஃப் ஆன்ட்டி" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கத்திரியால் காப்பை வெட்டினாள். ஒரு நொடி வேலை. விரல்களை எடுக்கப் போகிறோம் என்றபோது அழாதவள் அதற்கு அழுதாள்.

எட்டாம் நாள் சாமி வார்டுக்கே வந்தார், செயலாளரோடு, திருநீறு எடுத்துக்கொண்டு. அவர் கையில் காப்பு அப்படியே இருந்தது. தீமிதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"பாத்தியா, ரெண்டு வெரலோட அம்மா காப்பாத்திட்டா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் தங்கச்சி முந்திக்கொண்டாள். கையெடுத்துக் கும்பிட்டபடியே, மெதுவாகத்தான் கேட்டாள்.

"சாமி, நீங்க எப்படி எல்லை தாண்டி வந்தீங்க?"

"எனக்கு உத்தரவு குடுத்தாம்மா. ஒன்னப் பாக்கத்தான்."

"எனக்கும் கேட்டீங்களா சாமி? அன்னைக்கு, ரெண்டாம் நாளு. கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் திருநீற்றுப் பொட்டலத்தை மடித்தார், திரும்பப் பிரித்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து, "விசிட்டிங் டைம் முடிஞ்சிருச்சு சாமி" என்றார். முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. இருவரும் போய்விட்டார்கள்.

"நான் கேட்டது தப்பாண்ணே?"

"தப்பில்ல. கோயில் பொதுக்கூட்டம் வருது. அங்க எல்லார் முன்னாலயும் இதையே கேளு. நான் ஒன்னத் தூக்கிட்டுப் போறேன்."

"தூக்கவெல்லாம் வேணாம்" என்றாள். "குச்சி குடுத்திருக்காங்க. நடந்தே வரேன்."